தீவகத்தின் நன்னீர்: இயற்கை வளங்களின் பேண்தகு பாவனையும் பாதுகாப்பும்

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம், புவியியல் பாடங்களுக்குரிய விளக்கக் கட்டுரை)

1. அறிமுகம்

மனிதன் தனது தேவைகளை நிறைவு செய்வதற்காக இயற்கையிலிருந்து பெற்றுக்கொள்ளும் பொருள்களும் சக்தியும் இயற்கை வளங்கள் எனப்படும். நீர், மண், காற்று, சூரிய சக்தி, கனியங்கள், தாவரங்கள், விலங்குகள், கடல்வாழ் உயிரினங்கள் என்பன இதில் அடங்கும்.

இவ்வலகிலிருந்து கேட்கப்படும் வினாக்களுக்கு மாணவர் பலர் "மரம் நடுதல், நீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தல், மக்களுக்கு விழிப்புணர்வூட்டல்" எனப் பொதுவாக எழுதி விட்டுவிடுகின்றனர். காரணத்தை விளக்கி, பொருத்தமான இடத்தை உதாரணங்காட்டி எழுதும் விடையே சிறந்த விடையாகும். எனவே இக்கட்டுரையில் யாழ்ப்பாண மாவட்டத்தின் தீவகப் பகுதியை உதாரணமாகக் கொண்டு இவ்விடயம் விளக்கப்படுகின்றது.

பெருநிலப்பரப்பில் ஓர் ஊரின் நீர் குறைந்தால் அயலூரிலிருந்து பெற்றுக்கொள்ளலாம். தீவில் அது எளிதன்று. நான்கு புறமும் கடல். வளத்தின் எல்லை கண்ணுக்குத் தெரியும். ஆகவே வளங்கள் ஏன் அளவறிந்து பயன்படுத்தப்பட வேண்டும் என்பதைத் தீவகத்தை வைத்து விளங்கிக்கொள்வது இலகுவாகும்.

2. அடிப்படை எண்ணக்கருக்கள்

2.1 புதுப்பிக்கத்தக்க வளங்களும் புதுப்பிக்க முடியாத வளங்களும்

பயன்படுத்தப்படும்போது இயற்கைச் செயன்முறைகளால் குறுகிய காலத்தில் மீண்டும் உருவாகக்கூடியவை புதுப்பிக்கத்தக்க வளங்களாகும். உதாரணம்: நீர், மீன், பனை, காற்றுச் சக்தி.

உருவாக மிக நீண்ட காலம் எடுப்பதால் மனித வாழ்நாளில் மீளப்பெற முடியாதவை புதுப்பிக்க முடியாத வளங்களாகும். உதாரணம்: பெற்றோலியம், சுண்ணக்கல்.

கவனிக்க: புதுப்பிக்கத்தக்க வளம் என்பது முடிவில்லாத வளம் அன்று. சூரிய சக்தியையும் காற்றையும் எவ்வளவு பயன்படுத்தினாலும் அவை குறைவதில்லை. ஆனால் நிலக்கீழ்நீர், மீன், மரம் என்பன ஒரு குறிப்பிட்ட வீதத்திலேயே புதுப்பிக்கப்படுகின்றன. அவ்வீதத்திலும் கூடிய வீதத்தில் எடுத்தால் அவையும் அற்றுப்போகும். இக்கட்டுரையின் மையக்கருத்து இதுவே.

2.2 பேண்தகு பாவனை

எதிர்காலச் சந்ததியினர் தமது தேவைகளை நிறைவேற்றும் ஆற்றலைப் பாதிக்காத வகையில் இன்றைய சந்ததியினர் தமது தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளல் பேண்தகு அபிவிருத்தி எனப்படும். நிலைபேறான அபிவிருத்தி எனவும் இது வழங்கப்படும். இக்கருத்து 1987 ஆம் ஆண்டில் வெளியான புரூண்ட்லாந்து ஆணைக்குழுவின் அறிக்கையினால் உலகெங்கும் பரவியது. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 பேண்தகு அபிவிருத்தி இலக்குகளுள் 6 ஆவது இலக்கு தூய நீர் பற்றியதும் 14 ஆவது இலக்கு கடல் வளம் பற்றியதுமாகும்.

2.3 பாதுகாப்பு

பாதுகாப்பு என்பது வளத்தைத் தொடாமல் வைத்திருப்பது மட்டுமன்று. சில வளங்கள் சட்டத்தினால் முற்றாகக் காக்கப்பட வேண்டியவை. வேறு சில அளவறிந்து பயன்படுத்தப்பட வேண்டியவை. நெடுந்தீவின் கட்டாக்காலிக் குதிரைகள் முதல் வகைக்கும், தீவகத்தின் பனைகளும் கிணறுகளும் இரண்டாம் வகைக்கும் உதாரணங்களாகும்.

3. தீவகத்தின் அமைவு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கிலும் தென்மேற்கிலும் தீவகம் அமைந்துள்ளது. வேலணையையும் ஊர்காவற்றுறையையும் உள்ளடக்கிய தீவு, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு, காரைநகர், மண்டைதீவு என்பன மக்கள் வாழும் தீவுகளாகும். வேலணை, புங்குடுதீவு, காரைநகர் என்பன கடலூடான தாம்போதிகளால் இணைக்கப்பட்டுள்ளன. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் செல்ல வேண்டும். ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தமது நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவுக்கு அவர்கள் இட்ட டெல்வ்ற் என்னும் பெயர் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகின்றது.

இப்பகுதியின் பொதுவான பௌதிக இயல்புகள் வருமாறு:

• நிலம் தட்டையானது. கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரமே உடையது.
• அடியில் மயோசீன் காலச் சுண்ணக்கல் உள்ளது. இது வெடிப்புகளும் துவாரங்களும் கொண்டது.
• ஆறுகள் இல்லை.
• மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கிடைக்கின்றது. எஞ்சிய மாதங்கள் பெரும்பாலும் வரண்டவை.

இந்நான்கு இயல்புகளையும் சேர்த்துப் பார்க்குமிடத்து, ஏறக்குறைய மூன்று மாதங்களில் பெய்யும் மழையைக் கொண்டே ஆண்டு முழுவதையும் கடத்த வேண்டிய நிலை தெளிவாகும்.

4. விடய ஆய்வு: தீவகத்தின் நிலக்கீழ்நீர்

4.1 நீர் வரவும் செலவும்

நிலத்தில் விழும் மழைநீரின் ஒரு பகுதி ஆவியாகின்றது. ஒரு பகுதியைத் தாவரங்கள் உறிஞ்சி ஆவியுயிர்ப்பினால் வெளிவிடுகின்றன. ஒரு பகுதி நிலத்தின் மேலாக ஓடிக் கடலைச் சேர்கின்றது. மிகுதி மாத்திரமே நிலத்தினுள் ஊடுவடிந்து நிலக்கீழ்நீராகின்றது. இது மீள்நிரம்பல் எனப்படும்.

ஆண்டுதோறும் நிகழும் மீள்நிரம்பல் வரவு ஆகும். கிணறுகளிலிருந்து எடுக்கும் நீரும் நிலத்தடியால் கடலுக்குக் கசியும் நீரும் செலவு ஆகும். செலவு வரவை மீறாத வரை கிணறு நன்னீர்க் கிணறாக இருக்கும். கிணற்றில் இன்று தெரியும் நீரின் அளவைப் பார்த்து எவ்வளவும் எடுக்கலாம் என எண்ணுதல் தவறாகும். கடந்த மாரியில் எவ்வளவு சேர்ந்தது என்பதே கணக்கு.

4.2 நன்னீர் வில்லை

தீவின் அடியில் கடல்நீரும் சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக உட்புகுந்துள்ளது. நன்னீர் அடர்த்தி குறைந்ததாகையால் அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல் மிதக்கின்றது. தீவின் நடுப்பகுதியில் தடித்தும் கரையோரத்தில் மெலிந்தும் காணப்படுவதால் இது நன்னீர் வில்லை எனப்படுகின்றது. கண்ணாடி வில்லையின் குறுக்குவெட்டை வரைந்து பார்ப்பின் இப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

நன்னீரின் அடர்த்தி கனமீற்றருக்கு 1,000 கிலோகிராம். கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1,025 கிலோகிராம். எனவே,

41 மீற்றர் உயர நன்னீர் நிரல்: 41 × 1,000 = 41,000
40 மீற்றர் உயர கடல்நீர் நிரல்: 40 × 1,025 = 41,000

இரண்டும் ஒரே அமுக்கத்தைக் கொடுக்கின்றன. அதாவது, கடல் மட்டத்திற்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால் கடல் மட்டத்திற்குக் கீழே 40 மீற்றர் வரை நன்னீர் இருக்க முடியும். இத்தொடர்பு, அதனைக் கண்டறிந்த ஒல்லாந்தரான கைபன், ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க் ஆகிய இருவரின் பெயரால் அழைக்கப்படுகின்றது. 1901 இல் இதனை வெளியிட்ட ஹெர்ஸ்பேர்க் வடகடலிலுள்ள ஜேர்மன் தீவுகளின் கிணறுகளை ஆராய்ந்தவராவார்.

உதாரணக் கணக்கு: ஒரு தீவில் மாரி முடிவில் நிலக்கீழ்நீர் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 25 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது. கோடையில் அது 15 சென்ரிமீற்றருக்கு இறங்குகின்றது. உவர்நீரின் எல்லை எவ்வளவு மேலெழும்?

மாரி முடிவில் எல்லையின் ஆழம்: 0.25 × 40 = 10 மீற்றர்
கோடையில் எல்லையின் ஆழம்: 0.15 × 40 = 6 மீற்றர்
உவர்நீர் மேலெழுந்த அளவு: 10 – 6 = 4 மீற்றர்

கிணற்றில் நீர் 10 சென்ரிமீற்றர் குறைவது எவர் கண்ணிலும் படாத சிறு மாற்றம். ஆனால் அடியில் உவர்நீர் 4 மீற்றர் மேலேறக்கூடும். தீவின் கிணறுகள் ஏன் எச்சரிக்கையின்றித் திடீரென உவராகின்றன என்பதற்கு இதுவே காரணமாகும்.

குறிப்பு: உண்மையில் இரு நீர்களுக்கும் இடையே கூரிய எல்லை இல்லை. இரண்டும் கலந்த ஒரு சவர்நீர்ப் படை உண்டு. மேலுள்ள மாற்றம் முழுமையாக நிகழச் சிறிது காலமும் எடுக்கும். எனவே இக்கணக்கு ஓர் அண்ணளவாகும். வெடிப்புகள் கூடிய சுண்ணக்கல்லில் குடிக்கத்தக்க நீரின் தடிப்பு கணக்கிற் பெறப்படுவதிலும் குறைவாகவே இருக்கும்.

4.3 கிணறு உவராதலின் காரணங்கள்

"இறைக்க இறைக்கத்தான் கிணறு ஊறும்" என்பது நாமறிந்த பழமொழி. ஆழமான நன்னீர்ப் படையுள்ள ஊருக்கு அது பொருந்தும். தீவில் எல்லை மீறி இறைத்தால் ஊறி வருவது உவர்நீராகும்.

(அ) விரைவான இறைப்பு: முன்னாளில் துலாவினால் நீர் இறைக்கப்பட்டது. வாளி போய் வரும் இடைவெளியில் கிணறு ஊறிக்கொண்டது. நீரிறைக்கும் இயந்திரம் குறுகிய நேரத்தில் பெருமளவு நீரை எடுக்கின்றது. அப்போது கிணற்றின் நேர் கீழே உவர்நீர் கூம்பு வடிவில் மேலெழுகின்றது. அது கிணற்றின் அடியை அடைந்ததும் நீர் உவராகின்றது. ஒரே அளவு நீரைப் பல கிணறுகளிலிருந்து சிறிது சிறிதாக எடுத்தல், ஒரே கிணற்றிலிருந்து ஒரே தடவையில் எடுப்பதிலும் பாதுகாப்பானது.

(ஆ) கிணற்றை ஆழமாக்கல்: நீர் குறைந்தால் கிணற்றை மேலும் தோண்டுதல் அல்லது குழாய்க்கிணறு அமைத்தல் தீர்வாகத் தோன்றும். தீவில் ஆழத்தில் இருப்பது உவர்நீர். ஆகவே ஆழமாக்குவது அதனை விரைவில் மேலே கொணரும். ஆழங்குறைந்த அகன்ற கிணறுகளும் துரவுகளும் கேணிகளும் தீவக மக்களின் அனுபவ அறிவின் வெளிப்பாடாகும்.

(இ) மீள்நிரம்பல் குறைதல்: குளங்கள் தூர்ந்துபோதல், முற்றங்களுக்குச் சீமெந்து இடுதல், வெள்ளவாய்க்கால்கள் மூலம் மழைநீரை நேரே கடலுக்கு விடுதல் என்பன வரவைக் குறைக்கின்றன. 1990 களின் தொடக்கத்தில் போரினால் தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தபோது, குளங்களும் கேணிகளும் நீண்ட காலம் பராமரிப்பின்றிக் கிடந்தமையும் இங்கு குறிப்பிடத்தக்கது.

(ஈ) மணல் அகழ்வு: வேலணையின் சாட்டி போன்ற மணற்பாங்கான பகுதிகளில் மழைநீர் மணலினூடாக விரைவாக உட்சென்று நன்னீராகத் தேங்குகின்றது. மணலை அகற்றுவது நீர்த்தொட்டியை உடைப்பதற்கு ஒப்பாகும்.

(உ) கடல்மட்ட உயர்வு: புவி வெப்பமடைதலால் கடல் மட்டம் உயர்கின்றது. தட்டையான தீவுகளில் இதனால் கரையோர நிலம் அரிக்கப்படுவதுடன் நன்னீர் வில்லையும் சுருங்கும்.

4.4 நீர் மாசடைதல்

சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக நீர் போதிய அளவு வடிகட்டப்படாமலே விரைந்து கீழிறங்குகின்றது. எனவே மலசலகூடக் குழிகளின் கழிவும், தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சி இடப்படும் யூரியா முதலிய உரங்களின் நைத்திரேற்றும் இலகுவில் கிணற்றை அடைகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியுள்ளது. கூடிய நைத்திரேற்று புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதியில் ஒட்சிசன் கொண்டுசெல்லலைப் பாதிக்கும். நைத்திரேற்றுக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லை. உவர்நீரை நாக்கு அறியும். நைத்திரேற்றைப் பரிசோதனை மூலமே அறியலாம்.

4.5 பேணும் முறைகள்

(1) மழைநீர் சேகரிப்பு: இலங்கையில் மழைநீர் சேகரிப்பிற்கான தேசியக் கொள்கை 2005 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இது தீவகத்திற்கு எவ்வளவு பொருத்தமானது என்பதைப் பின்வரும் கணக்கு காட்டும்.

கூரையின் பரப்பு: 50 சதுர மீற்றர்
ஆண்டு மழைவீழ்ச்சி (எனக் கொள்க): 1,200 மில்லிமீற்றர் = 1.2 மீற்றர்
கூரையில் விழும் நீர்: 50 × 1.2 = 60 கனமீற்றர் = 60,000 லீற்றர்
வீண்போவது நீங்க 80% சேரின்: 48,000 லீற்றர்

ஐந்து பேர் கொண்ட குடும்பத்திற்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லீற்றர் வீதம் 25 லீற்றர் தேவை. எட்டு மாதக் கோடைக்கு (240 நாள்) 25 × 240 = 6,000 லீற்றர் போதும். ஒரு சிறு வீட்டின் கூரையில் விழும் நீரில் பத்திலொரு பங்கைச் சேமித்தாலே கோடை முழுவதற்கும் குடிநீர் கிடைக்கும் என்பது இதன் முடிவு. தொட்டியை மூடிவைத்தல், முதல் மழை நீரை வெளியே விடுதல், நுளம்பு புகாமல் வலையிடுதல் என்பன கவனிக்கப்பட வேண்டும்.

(2) குளங்கள், கேணிகளைத் தூர்வாரி மழைநீரைத் தேக்குதல். தேங்கும் நீர் மெதுவாக ஊடுவடிந்து சுற்றுக் கிணறுகளை வளப்படுத்தும்.

(3) குடிநீர்க் கிணற்றை வேறாகவும், குளித்தல், துவைத்தல், பயிர்ச்செய்கைக்குரிய கிணறுகளை வேறாகவும் பயன்படுத்தல்.

(4) காலையும் மாலையுமாகச் சிறிது சிறிதாக இறைத்தல். பயிர்களுக்குச் சொட்டு நீர்ப்பாசனம் செய்தல். குறைந்த நீர் தேவைப்படும் பயிர்களைத் தெரிதல்.

(5) மலசலகூடக் குழிகளைக் கிணற்றிலிருந்து விலக்கி, அடியால் கசியாதவாறு அமைத்தல். கூட்டெருவைக் கூடுதலாகப் பயன்படுத்தி இரசாயன உரத்தைக் குறைத்தல்.

4.6 கடல்நீரை நன்னீராக்கல் போதாதா?

நேர்மாறு பிரசாரணம் மூலம் கடல்நீரிலிருந்து உப்பை அகற்றலாம். யாழ்ப்பாண மாவட்டத்தில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரைச் சுத்திகரிக்கும் ஆற்றலுள்ள நிலையம் 2024 ஓகஸ்ட் மாதத்தில் திறந்துவைக்கப்பட்டது. இத்தகைய நிலையங்கள் பெரும் உதவியாகும். எனினும் அவற்றிற்கு மின்சக்தி கூடுதலாகத் தேவை. பராமரிப்புச் செலவும் அதிகம். பிரித்தெடுக்கப்பட்ட செறிந்த உவர்நீரைக் கடலில் விடும்போது கடல்வாழ் உயிர்கள் பாதிக்கப்படாதவாறு கவனிக்க வேண்டும்.

மாலைதீவின் தலைநகரான மாலே இதற்கொரு பாடமாகும். அச்சிறு தீவின் நன்னீர் வில்லை மிகையான பாவனையாலும் மாசினாலும் பயனற்றுப்போக, மக்கள் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தை முற்றாக நம்பியிருக்க நேர்ந்தது. 2014 டிசெம்பர் 4 ஆம் திகதி அந்நிலையத்தில் தீ ஏற்பட்டபோது ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் குழாய்நீரின்றித் தவித்தனர். அயல் நாடுகள் விமானத்திலும் கப்பலிலும் குடிநீர் அனுப்பின. தொழினுட்பம் இயற்கை வளத்திற்குத் துணையாகலாம், அதற்கு ஈடாகாது.

5. தீவகத்தின் ஏனைய வளங்கள்

5.1 பனை

பனை வரட்சியைத் தாங்கி வளரும் மரம். மண்ணரிப்பைத் தடுக்கும், காற்றின் வேகத்தைத் தணிக்கும். பதநீர், பனங்கட்டி, பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல், ஓலை, நார், ஈர்க்கு எனப் பல பயன்களை மரத்தை வெட்டாமலே பெறலாம். இது பேண்தகு பாவனைக்கு மிகச் சிறந்த உதாரணமாகும். ஆனால் பனை பயன்தரப் பொதுவாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். இன்று வெட்டப்படும் மரத்திற்கு ஈடாக நாளையே இன்னொன்று கிடைக்காது. ஆகவே வெட்டும் வீதம் வளரும் வீதத்தை மீறக்கூடாது. பனை வளத்தை மேம்படுத்துவதற்காகப் பனை அபிவிருத்திச் சபை 1978 இல் நிறுவப்பட்டது.

5.2 கடல் வளம்

தீவகத்தைச் சூழ்ந்த ஆழங்குறைந்த கடலில் கடற்புற்றரைகளும், கரையோரச் சேற்று நிலங்களில் கண்டல் தாவரங்களும் உள்ளன. இவை மீன், இறால், நண்டு என்பவற்றின் இனப்பெருக்க இடங்களாகவும் குஞ்சுகளின் வளர்ப்பிடங்களாகவும் விளங்குகின்றன. சட்டத்தினால் பாதுகாக்கப்படும் கடற்பசுவின் உணவும் கடற்புல்லே.

இழுவைமடி கடலடித்தளத்தை வாரிச் செல்வதால் பெரிய மீன்களுடன் குஞ்சுகளும் புற்றரைகளும் அழிகின்றன. அதாவது விளைச்சலுடன் வயலும் அழிகின்றது. இலங்கையில் இழுவைமடித் தொழில் 2017 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. பாக்குநீரிணைக் கடலில் தமிழ்நாட்டு இழுவைப்படகுகளால் தீவக மீனவரின் வலைகளும் வளமும் பாதிக்கப்படுவது நீண்டகாலப் பிரச்சினையாகும். மீனுக்கு எல்லைக் கோடு இல்லை. ஆகையால் இரு கரை மக்களும் உடன்பட்டாலன்றி இவ்வளத்தைப் பேண முடியாது. சினை நண்டை மீண்டும் கடலில் விடுதல், தடைசெய்யப்பட்ட தங்கூசி வலையைத் தவிர்த்தல், சிறு கண் வலைகளைக் கைவிடுதல் என்பன மீனவர் தாமே கைக்கொள்ளக்கூடிய முறைகளாகும்.

அண்மைக் காலத்தில் தீவகக் கடலில் கடலட்டைப் பண்ணைகள் அமைக்கப்பட்டுள்ளன. இவை வருமானத்தையும் ஏற்றுமதியையும் தருகின்றன. அதேவேளை, அடைக்கப்பட்ட கடற்பரப்பினால் சிறுதொழில் மீனவரின் வழியும் தொழிலிடமும் குறைகின்றன என்ற எதிர்ப்பும் உண்டு. ஒரு வளத்தைப் பயன்படுத்தும்போது யார் பயன்பெறுகின்றனர், யார் இழக்கின்றனர் என ஆராய்தலும் பேண்தகு பாவனையின் பகுதியாகும்.

5.3 முருகைக்கல்

நெடுந்தீவில் முருகைக்கற்களைச் சாந்தின்றி அடுக்கிக் கட்டிய வேலிகள் காணியெல்லைகளாக விளங்குகின்றன. இவை அத்தீவின் மரபுரிமை. ஆனால் கடலில் உயிருள்ள முருகைக்கற்களை உடைத்தெடுத்தல் வேறு. முருகைக்கற்பார் அலையின் வேகத்தைத் தணித்துக் கரையைக் காக்கின்றது. அது மிக மெதுவாகவே வளர்வது. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்தல் இலங்கையில் தடைசெய்யப்பட்டுள்ளது.

5.4 நெடுந்தீவின் குதிரைகள்

நெடுந்தீவின் புல்வெளிகளில் வாழும் குதிரைகள் ஐரோப்பியர் காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவையாகும். 2015 இல் இத்தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எனினும் கடும் வரட்சியில் நீரும் புல்லுமின்றிக் குதிரைகள் இறப்பதுண்டு. சட்டம் வேட்டையைத் தடுக்கலாம், தாகத்தைத் தடுக்காது. குளங்களைப் பேணினால் மனிதனுக்கும் விலங்குக்கும் ஒருங்கே பயன் கிடைக்கும்.

5.5 சக்தி

கடலால் பிரிக்கப்பட்ட தீவுகளின் மின்சாரம் நீண்டகாலமாக டீசல் மின்பிறப்பாக்கிகளில் தங்கியிருந்தது. எரிபொருளைக் கடல்வழியே கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. ஆனால் தீவகத்தில் வெயிலும் காற்றும் தாராளமாக உள்ளன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் சூரிய சக்தி, காற்றுச் சக்தி, மின்கலங்கள் என்பவற்றை இணைத்த கலப்பு மின்திட்டத்தை இந்திய நன்கொடையில் அமைப்பதற்கான ஒப்பந்தம் 2024 மார்ச் மாதத்தில் கைச்சாத்திடப்பட்டது.

5.6 நயினாதீவும் திண்மக் கழிவும்

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆலயத்திற்கும் நாகதீப விகாரைக்கும் ஆண்டுதோறும் பெருந்தொகையான அடியார்கள் வருகின்றனர். சிறு தீவொன்றில் குறுகிய காலத்தில் நீர்த்தேவையும் கழிவும் பெருகுகின்றன. கொண்டுவரும் பிளாத்திக்குப் போத்தல்களைத் திரும்ப எடுத்துச் செல்லல், பொலித்தீனைத் தவிர்த்தல் என்பன யாத்திரிகரின் கடமையாகும்.

6. முக்கிய சட்டங்கள்

• வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் – 1937
• தேசிய சுற்றாடல் சட்டம் – 1980
• கரையோரப் பாதுகாப்புச் சட்டம் – 1981
• கடற்றொழில் நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் – 1996 (இழுவைமடித் தடைத் திருத்தம் – 2017)

7. மாணவர் செயற்பாடு

உங்கள் வீட்டுக் கிணற்றின் கட்டிலிருந்து நீர்மட்டம் வரையுள்ள ஆழத்தை ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலையில், இறைப்பதற்கு முன், முடிச்சிட்ட கயிற்றினால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு முடிவில் வரைபு வரையுங்கள். எந்த மாதத்தில் மட்டம் மிக உயர்ந்தது, எந்த மாதத்தில் மிகத் தாழ்ந்தது, சுவை எப்போது மாறியது என்பவற்றை மழையுடன் ஒப்பிடுங்கள். பல ஆண்டுகள் தொடர்ந்தால் அது உங்கள் ஊருக்கே பயன்படும் ஆவணமாகும். (கிணற்றருகே பெரியவர் ஒருவரின் துணையுடன் அளக்கவும்.)

8. நினைவிற் கொள்க

• புதுப்பிக்கத்தக்க வளத்தை அது புதுப்பிக்கப்படும் வீதத்திற்கு மேல் பயன்படுத்தினால் அது அழியும்.
• தீவில் நன்னீர் உவர்நீரின் மேல் வில்லையாக மிதக்கின்றது.
• நீர்மட்டம் 1 பங்கு இறங்கினால் உவர்நீர் எல்லை ஏறத்தாழ 40 பங்கு உயரும்.
• தீவில் கிணற்றை ஆழமாக்குதல் தீர்வன்று. மீள்நிரம்பலைக் கூட்டுதலே தீர்வு.
• நீர், பனை, கண்டல், மீன் என்பன ஒன்றோடொன்று தொடர்புடையவை.

9. மாதிரி வினாக்கள்

பகுதி 1

(1) தீவொன்றில் நிலக்கீழ்நீர் மட்டம் கடல் மட்டத்திலிருந்து 0.5 மீற்றர் உயரத்தில் உள்ளது. நன்னீர் கடல் மட்டத்திற்குக் கீழே அண்ணளவாக எவ்வளவு ஆழம் வரை இருக்கும்?
(அ) 5 மீற்றர் (ஆ) 10 மீற்றர் (இ) 20 மீற்றர் (ஈ) 40 மீற்றர்
விடை: (இ)

(2) பின்வருவனவற்றுள் மிகை பாவனையால் அற்றுப்போகக்கூடிய புதுப்பிக்கத்தக்க வளம் எது?
(அ) சூரிய சக்தி (ஆ) நண்டு (இ) காற்று (ஈ) பெற்றோலியம்
விடை: (ஆ). பெற்றோலியமும் அற்றுப்போகும், ஆனால் அது புதுப்பிக்க முடியாதது.

பகுதி 2

ஊர்காவற்றுறையில் தோட்டக்காரர் ஒருவர் துலாவுக்குப் பதிலாக நீரிறைக்கும் இயந்திரத்தைப் பொருத்தினார். சில ஆண்டுகளில் கிணற்று நீர் உவராகியது. அவர் கிணற்றை மேலும் ஆழமாக்க எண்ணுகின்றார்.

(i) நீர் உவராகியமைக்கான காரணத்தை விளக்குக. (3 புள்ளிகள்)
(ii) கிணற்றை ஆழமாக்கல் பொருத்தமானதா? காரணம் தருக. (2 புள்ளிகள்)
(iii) அவர் கைக்கொள்ளக்கூடிய மூன்று மாற்று வழிகளைக் குறிப்பிடுக. (3 புள்ளிகள்)
(iv) அயலவர்களும் சேர்ந்து செயற்பட வேண்டியது ஏன்? (2 புள்ளிகள்)

விடைக் குறிப்பு:
(i) விரைவாக நீர் எடுக்கப்பட்டதால் நிலக்கீழ்நீர் மட்டம் தாழ்ந்தது. நன்னீரின் அமுக்கம் குறைந்தது. அடியிலிருந்த அடர்த்தி கூடிய உவர்நீர் கூம்பு வடிவில் மேலெழுந்து கிணற்றை அடைந்தது.
(ii) பொருத்தமற்றது. ஆழத்தில் உவர்நீரே உள்ளது. ஆழமாக்கினால் உவர்த்தன்மை மேலும் கூடும்.
(iii) இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறைத்தல், சொட்டு நீர்ப்பாசனம், மழைநீரைத் தேக்கிக் கிணற்றைச் சுற்றி மீள்நிரம்பலைக் கூட்டுதல், குறைந்த நீர் தேவைப்படும் பயிர்களைத் தெரிதல். (எவையேனும் மூன்று)
(iv) வேலிகள் நிலத்தின் மேலேயே உள்ளன. நிலத்தின் கீழுள்ள நன்னீர் வில்லை எல்லாருக்கும் பொதுவானது. ஒருவர் மிகையாக எடுத்தால் அயலவர் கிணறும் பாதிக்கப்படும். ஒருவர் மட்டும் சேமித்தாலும் பயன் நிலைக்காது.